அசையாக் கோப்புகள்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பலாபத்வலவை அடையுமுன் அலுவிகாரைக் குகைக் கோயில் எதிர்ப்படுகிறது. வாய்வழி வந்த திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது இவ்விடத்திலேயே என்பது மரபு. சுவடியின் கயிறு அறுந்து ஏடுகள் கலைந்துவிட்டால், ஓரெழுத்தும் அழியாதிருந்தாலும் படிப்போர் இடர்ப்படுவர். கணினியின் வன்தட்டிலும் இத்தகைய கலைவு நேர்வதுண்டு.

வன்தட்டு என்பது சுழலும் காந்தத் தகடுகளால் ஆயது. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டில் 50 தகடுகள் இருந்தன. அது கொண்டதோ ஏறக்குறைய 50 இலட்சம் எழுத்துக்களே. கோப்புகளை அழிக்குந்தோறும் தட்டில் ஆங்காங்கே வெற்றிடங்கள் தோன்றுகின்றன. பின்னர் வரும் பெரிய கோப்பு துண்டு துண்டாகி அவ்விடங்களிற் தங்குகிறது. அதனைப் படிக்கும் முனை அங்குமிங்கும் அலைவதால் வேலை தாமதப்படுகிறது. சிதறிய துண்டுகளை ஒருங்கு சேர்க்கும் பணியே துண்டுநீக்கம் எனப்படும்.

ஆயினும், அப்பணியின்போது சில கோப்புகள் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. நினைவகத்துக்குத் துணைநிற்கும் மாற்றுக் கோப்பு, கணினி துயிலுங்கால் நினைவகத்தின் நிலையைத் தாங்கும் துயில்நிலைக் கோப்பு என்பன அவற்றுட் சில. விண்டோஸ் இயங்குமளவும் இவை அதன் கைப்பிடியிலேயே இருக்கின்றன. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டை மற்றொருவர் இழுத்தால் எழுத்துச் சிதையுமன்றோ? அதுபற்றியே அவற்றை நகர்த்த இடந்தரப்படுவதில்லை. தட்டின் ஒரு பிரிவைச் சுருக்க முயல்வோர்க்கு இதுவே பெருந்தடை. இறுதியில் நிற்கும் அசையாக் கோப்பைத் தாண்டிப் பிரிவின் எல்லையை உள்ளே கொணர இயலாது.

இதற்கு வழி, பிடியைத் தளர்த்துவதேயாகும். துயில்நிலை வசதியை நிறுத்தினால் அதற்குரிய கோப்பு தானே நீங்கும். மாற்றுக் கோப்பைத் தற்காலிகமாக விலக்கிக் கணினியை மீளத் தொடக்க வேண்டும். துண்டுநீக்கம் முடிந்தபின் அதனை மீண்டும் அமைத்து, தொடக்க அளவையும் உச்ச அளவையும் ஒன்றாகவே வைத்தால், அது வளர்ந்து மீண்டும் சிதறாது. நினைவகம் குறைவான கணினியில் இவ்விடைவேளையிற் பிற வேலைகளைத் தவிர்த்தல் நலம். எஞ்சிய கோப்புகளை, விண்டோஸ் முழுமையாக எழுமுன்னரே செயற்படும் துண்டுநீக்கிகள் கவனித்துக்கொள்ளும்.

சுழலும் தகடுகள் இல்லாத திண்மநிலைச் சேமிப்பகங்களுக்கு இவ்வுழைப்பு வேண்டியதில்லை. அங்கு அலைவதற்கு முனையே இல்லை. வீணே எழுதுவதால் அவற்றின் ஆயுள் தேய்வதே மிச்சம்.

எவ்வகைத் தட்டாயினும், அதன் பிரிவுகளிற் கைவைக்குமுன் முக்கியமான கோப்புகளுக்குப் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்பட்டாலும் பொருள் தப்பும். 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அலுவிகாரையின் நூல்நிலையம் அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் படிகள் வேறிடங்களில் இருந்தன.