70 கோடி டாலரில் ஒரு கேலரி. அதே ஆண்டில் மூடப்படும் 7 வளாகங்கள்: பென் ஸ்டேட்டில் என்னதான் நடக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு 2027 மறக்க முடியாத ஆண்டாக இருக்கப்போகிறது. அந்த ஆண்டின் வசந்த கால செமஸ்டர் முடிந்ததும், அதன் ஏழு கிளை வளாகங்கள் மூடப்படும். அதே ஆண்டில், அதே பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்தில் புதிய மேற்கு கேலரி முழுமையாகத் தயாராக வேண்டும் என்பது திட்டம். அதற்கு ஒதுக்கப்பட்ட தொகை அதிகபட்சம் 70 கோடி டாலர். நம் மதிப்பில் சுமார் 6,000 கோடி ரூபாய்.

'வகுப்பறைக்குக் காசு இல்லை, கேலரிக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி எழுவது இயல்பு. பதில், பார்த்தவுடன் தோன்றுகிற அளவுக்கு எளிதானது அல்ல. ஒரு கல்லூரி மைதானத்தின் ஒரு பக்கத்தை இடித்துக் கட்டுவதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

கல்லூரி மேட்ச்சுக்கு ஒரு லட்சம் பேரா?

இங்கே 'ஃபுட்பால்' என்றால் மெஸ்ஸி ஆடும் ஆட்டம் இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகளுக்கு இருக்கும் கூட்டம், பல நாடுகளில் தேசிய அணிகளுக்கே கிடையாது.

பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்தில் 2024-ல் 1,06,572 பேர் உட்கார முடிந்தது. 2024 நவம்பர் 2 அன்று ஒஹாயோ ஸ்டேட் அணியுடன் நடந்த ஆட்டத்துக்கு 1,11,030 பேர் வந்தார்கள். அந்த மைதானத்தின் சாதனை அது. மைதானம் இருக்கும் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரின் மக்கள்தொகையோ சுமார் 40,000தான். மேட்ச் நாளில் மைதானத்துக்குள் இருக்கும் கூட்டத்தை ஒரு நகரமாகக் கணக்கில் எடுத்தால், ஃபிலடெல்ஃபியா, பிட்ஸ்பர்க், ஆலன்டவுனுக்கு அடுத்து மாநிலத்தின் நான்காவது பெரிய ஊர் அதுதான்.

இத்தனைக்கும் ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் நடப்பது ஏழு ஆட்டங்கள் அளவில்தான்.

பிரித்து, தூக்கி, ஒட்டிய மைதானம்

பீவர் ஸ்டேடியம் ஒரே மூச்சில் கட்டப்பட்டது அல்ல. தேவை வரும்போதெல்லாம் துண்டு துண்டாக வளர்ந்தது.

1959 சீசன் முடிந்ததும், பழைய இடத்தில் இருந்த 30,000 இருக்கைகள் கொண்ட இரும்பு மைதானத்தைச் சுமார் 700 துண்டுகளாகக் கழற்றினார்கள். வளாகத்தின் கிழக்குப் பக்கம் சுமார் ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய், மறுபடியும் பூட்டி, கூடவே 16,000 இருக்கைகளையும் சேர்த்தார்கள். 1960-ல் அது 46,284 பேர் உட்காரும் மைதானமானது.

1978-ல் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். மைதானத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் அப்படியே மேலே தூக்கினார்கள். ரோடு உயர்ந்துவிட்டதால் நம்மூரில் வீட்டை ஜாக்கி வைத்து உயர்த்துவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆடுகளத்தைச் சுற்றி இருந்த ஓட்டப்பந்தயப் பாதையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புதிய வரிசைகளைச் சேர்த்தார்கள். கொள்ளளவு 76,639 ஆனது. பிறகு 1991-ல் வடக்குப் பக்கம் ஒரு மேல் அடுக்கு வந்தது. 2001-ல் 9.3 கோடி டாலர் செலவில் தெற்குப் பக்கம் மேல் அடுக்கும், சொகுசு அறைகளும் வந்தன.

இப்படி ஒட்டுப்போட்டு வளர்ந்ததில் ஒரு சிக்கல் உண்டு. இருக்கைகள் கூடிக்கொண்டே போயின. நடைபாதை, கழிப்பறை, லிஃப்ட், குடிநீர்க் குழாய் எல்லாம் அதே வேகத்தில் வளரவில்லை. பெரும்பாலான இடங்களில் இன்றும் முதுகு சாய வழியில்லாத அலுமினிய பெஞ்சுகள்தான்.

மேற்குப் பக்கம் மட்டும் ஏன்?

முதல் காரணம் வயசு. மைதானத்தின் பழைய பகுதிகளில் மேற்குப் பக்கமும் ஒன்று. புதுப்பிக்கவே வேண்டாம், இருப்பதை ஓட்டினால் போதும் என்று முடிவெடுத்தாலும், தள்ளிப்போட்டு வந்த பராமரிப்பு வேலைகளுக்கு மட்டும் சுமார் 20 கோடி டாலர் ஆகும் என்பது பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு. 'சும்மா விடுவதற்கே இவ்வளவு செலவு என்றால், வருமானம் தரும் மாதிரி கட்டிவிடலாமே' என்பதுதான் விளையாட்டுத் துறையின் வாதம்.

இரண்டாவது காரணம் வெயில். பிற்பகல் ஆட்டத்தில் மேற்கே உட்கார்ந்தால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கண் கூசாது. விலை உயர்ந்த இருக்கைகளுக்கும் பத்திரிகையாளர் அரங்குக்கும் பல மைதானங்கள் இந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அது ஒரு காரணம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது: பிரீமியம் இருக்கை. புதிய மேற்கு கேலரியால் மொத்தக் கொள்ளளவு பெரிதாகக் கூடப்போவதில்லை. மாறுவது ஒரு இருக்கையிலிருந்து வரும் பணம். பெஞ்சில் இடம் வாங்குகிறவர் டிக்கெட்டுக்கு மட்டும் பணம் கொடுப்பார். சூட், கிளப் இருக்கை வாங்குகிறவர் உணவு, பார்க்கிங், நன்கொடை என்று பல வருடங்களுக்குச் சேர்த்துக் கொடுப்பார். கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களை அழைத்து வரவும் இவற்றை எடுக்கும்.

சீசனுக்கு நடுவே இடிப்பது எப்படி?

கல்லூரி ஃபுட்பால் சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிகிறது. மிச்சம் இருக்கும் எட்டு, ஒன்பது மாதங்கள்தான் கட்டுமானத்துக்கான ஜன்னல். அதிலும் மத்திய பென்சில்வேனியாவின் பனிக்காலம் குறுக்கே வரும். ஒரே வருடத்தில் முடியாது என்பதால், வேலை 2025, 2026, 2027 என்று நீள்கிறது. மேற்குப் பக்கம் இருந்த பழைய பத்திரிகையாளர் அரங்கு 2025 தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. அந்த ஆண்டு ரசிகர்களுக்குத் தற்காலிக இருக்கைகள் போடப்பட்டன. மைதானத்தை மொத்தமாக மூடினால் டிக்கெட் வருமானமும் நின்றுவிடும். அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

குளிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவதும் இந்தத் திட்டத்தில் ஒரு பெரிய அங்கம். நவம்பருக்குப் பிறகு ஆட்டமே இருக்காது என்ற நினைப்பில் கட்டப்பட்ட மைதானம் இது. கடும் குளிரில் குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும். ஆனால் 2024-ல் தேசிய பிளே-ஆஃப் 12 அணிகளாக விரிந்தது. முதல் சுற்று ஆட்டங்கள் கல்லூரிகளின் சொந்த மைதானங்களுக்கே வந்தன. அந்த டிசம்பர் 21 அன்று பீவர் ஸ்டேடியத்தில் பென் ஸ்டேட், எஸ்.எம்.யூ அணியை 38-10 என்று வென்றது. டிசம்பரில் திறக்க முடியாத மைதானம் இனி நஷ்டம் என்பது அன்றே தெளிவானது.

பணம் யாருடையது?

2024 மே மாதம் பல்கலைக்கழக அறங்காவலர் குழு 70 கோடி டாலர் வரையிலான திட்டத்துக்குப் பெரும்பான்மையுடன் ஒப்புதல் கொடுத்தது. மாணவர் கட்டணமோ வரிப்பணமோ இதற்குப் போகாது என்பது பல்கலைக்கழகத்தின் நிலைப்பாடு. நீண்டகாலக் கடன் வாங்குவார்கள். பிரீமியம் இருக்கை, விளம்பரம், நன்கொடை ஆகியவற்றின் வருமானத்திலிருந்து விளையாட்டுத் துறை அதை அடைக்கும். வீட்டு ஜன்னல், குளியலறை புதுப்பிக்கும் 'வெஸ்ட் ஷோர் ஹோம்' நிறுவனத்தின் உரிமையாளர்கள் 5 கோடி டாலர் நன்கொடை அறிவித்தார்கள். அதனால் ஆடுகளம் இப்போது அந்த நிறுவனத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விளையாட்டுத் துறைக்கும் நெருக்கடி உண்டு. பென் ஸ்டேட்டில் 31 அணிகள் இருக்கின்றன. மற்ற அணிகளின் செலவில் பெரும்பகுதியைத் தூக்கிச் சுமப்பது ஃபுட்பால்தான். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்தின்படி, கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26-க்கு உச்சவரம்பு 2.05 கோடி டாலர். நேற்றுவரை இல்லாத செலவு அது. வருமானத்தைக் கூட்ட வேண்டிய அவசரம் அங்கிருந்தும் வருகிறது.

அப்படியென்றால் வளாகங்கள் ஏன் மூடப்படுகின்றன?

மேற்கு கேலரிக்கு ஒப்புதல் கிடைத்து சுமார் ஒரு வருடம் கழித்து, 2025 மே 22 அன்று, அதே அறங்காவலர் குழு இன்னொரு முடிவை எடுத்தது. டுபாய்ஸ், ஃபயெட், மான்ட் ஆல்டோ, நியூ கென்சிங்டன், ஷெனாங்கோ, வில்க்ஸ்-பேரி, யார்க் ஆகிய ஏழு வளாகங்களை மூடும் தீர்மானம் 25-8 என்று நிறைவேறியது. அதை முன்வைத்தவர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் படித்து, 2022-ல் பென் ஸ்டேட்டின் தலைவரான நீலி பெண்டாபுடி.

சிறு ஊர்களில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது, சேர்க்கை சரிகிறது என்பது நிர்வாகம் சொல்லும் காரணம். இந்த ஏழு வளாகங்களில் படிப்பவர்கள் மொத்த மாணவர்களில் 3.6 சதவீதம். மூடுவதால் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டாலர் மிச்சமாகும். கட்டடங்களுக்கான சுமார் 20 கோடி டாலர் பராமரிப்புச் செலவும் தவிர்க்கப்படும் என்று கணக்குக் காட்டப்பட்டது.

கவனியுங்கள். மைதானத்துக்கும் அதே 20 கோடி டாலர் பராமரிப்பு பாக்கி. அங்கே அந்தத் தொகை, 70 கோடி போட்டுப் புதிதாகக் கட்டுவதற்குக் காரணமானது. இங்கே அதே அளவு தொகை, மூடுவதற்குக் காரணமானது.

ஆனால் அந்த 3.6 சதவீதத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்? வீட்டிலிருந்தே வந்துபோய், பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். முதல் இரண்டு வருடம் பக்கத்து ஊர் வளாகத்தில் படித்துவிட்டு, பிறகு பெரிய வளாகத்துக்கு மாறலாம் என்பதுதான் பென் ஸ்டேட் இவர்களுக்குக் கொடுத்த வழி. ஹாஸ்டல் வாடகை கட்ட முடியாத குடும்பங்களுக்கு, பல்கலைக்கழகத்தின் வாசல் அந்தக் கிளை வளாகம்தான்.

ரெண்டும் வேற வேற பையா?

கணக்குப் புத்தகத்தில் பார்த்தால், ஆமாம். மைதானத்தை ரத்து செய்தால் 70 கோடி டாலர் யார்க் வளாகத்துக்குப் போய்ச் சேராது. ஏனென்றால் அது கையில் இருக்கும் பணமே இல்லை. நாளை வரப்போகும் சூட் வாடகையை நம்பி வாங்கும் கடன். ஆட்டோ வாங்க ஒருவருக்குக் கடன் கிடைக்கிறது என்றால், அந்த ஆட்டோ ஓடிச் சம்பாதிக்கும் என்பதால். அந்தக் கடனை எடுத்து வீட்டுக் கூரை மாற்ற முடியாது.

ஆனால் விமர்சகர்களின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவது ஒரே அறங்காவலர் குழு. நன்கொடையாளர்களைத் தேடிப் போவதும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயரில்தான். எந்த வேலைக்காக ஓடி ஓடி நிதி திரட்டுவது, எதற்குத் துணிந்து ரிஸ்க் எடுப்பது என்பது கணக்காளர் எடுக்கும் முடிவு அல்ல. முன்னுரிமை பற்றிய முடிவு.

ரிஸ்க் எங்கே இருக்கிறது?

வெறும் கணக்குக்காக, முழுத் தொகையும் 5 சதவீத வட்டிக்கு வாங்கியதாக வைத்துக்கொண்டால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 3.5 கோடி டாலர். ஏழு ஆட்டங்களில் பங்கிட்டால், ஒரு ஆட்டத்துக்கு 50 லட்சம் டாலர். அசல் தனி. அணி ஜெயித்தாலும் தோற்றாலும் தவணை நிற்காது.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2025 சீசன் ஒரு சாம்பிள். ஏ.பி. தரவரிசையில் நாட்டின் இரண்டாவது அணியாகத் தொடங்கிய பென் ஸ்டேட், ஆரகன், யூ.சி.எல்.ஏ, நார்த்வெஸ்டர்ன் என்று வரிசையாகத் தோற்றது. அக்டோபர் 12 அன்று பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் நீக்கப்பட்டார். ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி டாலர். அவர் விரைவிலேயே வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததால் அந்தத் தொகை பெருமளவு குறைந்தது. சேராமல் இருந்திருந்தால்? அந்த ஒரு காசோலையும், ஏழு வளாகங்களை மூடி ஒரு வருடத்தில் மிச்சம் பிடிக்கும் தொகையும் கிட்டத்தட்ட சமம்.

மேற்கு கேலரி நல்ல முதலீடா என்பது சில வருடங்களில் தெரிந்துவிடும். சூட்கள் நிரம்பினால் கடன் அடையும். மற்ற 30 அணிகளும் பிழைக்கும். அதை டிக்கெட் கணக்கே சொல்லிவிடும்.

ஃபயெட்டிலோ டுபாய்ஸிலோ வீட்டுப் பக்கத்தில் வளாகம் இல்லாததால் கல்லூரிக்கே போகாமல் நின்றுவிடும் ஒரு மாணவரின் கணக்கு மட்டும் எந்தப் பட்ஜெட்டிலும் வராது. அது இரண்டு பைகளிலும் இல்லாத செலவு.