கல்லூரி வாசற்படியில் தமிழ் வாத்தியார்

ராணிப்பேட்டை என்றதும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளே எல்லோருக்கும் நினைவு வரும். அவ்வூரிலிருந்து கடல் கடந்து போகும் சரக்கு தோல்தான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வட்டாரம் சென்னைப் பட்டணத்துக்கு வேறொரு சரக்கையும் அனுப்பியிருக்கிறது என்பதை நேயர்களிற் பலர் அறியார். கல்லூரிகளில் தமிழ் இலக்கியம் போதித்த ஆசிரியர்களையே சொல்கிறோம். காவேரிப்பாக்கமும் வேலமும் ராணிப்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்கள். முன்னது கா. நமச்சிவாய முதலியாரைத் தந்தது; பின்னது டாக்டர் மு. வரதராசனாரைத் தந்தது.

இவர்கள் காலத்தில் பள்ளிக்கூடப் படிப்பு முடிந்த பிள்ளை நேரே பி.ஏ. வகுப்பில் போய் உட்கார முடியாது. இரண்டு வருஷம் கல்லூரியின் வாசற்படியில் நிற்க வேண்டும். ஆதியில் அதற்கு எப்.ஏ. என்று பெயர், பிறகு இன்டர்மீடியட் ஆயிற்று, 1950-களில் சுருங்கி ஓராண்டுப் புகுமுக வகுப்பாயிற்று, 1978-ல் மேல்நிலை வகுப்பாக மாறிப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே போய்விட்டது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் எப்.ஏ. படித்தவர்களில் ஒருவர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன்.

அந்த வகுப்பில் ஆங்கிலமும் கணிதமும் போதித்தவர்கள் சர்வகலாசாலைப் பட்டதாரிகள். தமிழ் போதித்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பெரும்பாலும் கல்லூரியைத் தவிர மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வந்தார்கள்!

உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை மடத்திலிருந்து வந்தார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டதே அவருடைய பட்டம். தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது தம் இடத்துக்கு அவரைச் சிபாரிசு செய்ய, 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் அமர்ந்தார். மறைமலையடிகளோ நாகப்பட்டினத்தில் புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றவர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. 1898-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு அவரைத் தேர்ந்தெடுக்கும்போது பரிதிமாற் கலைஞர் குற்றியலுகரத்துக்கு உதாரணம் கேட்டாராம். "அஃது எனக்குத் தெரியாது" என்றாராம் அடிகள். அருகிலிருந்தவர்கள் திகைத்தார்கள், கேட்டவரோ மகிழ்ந்தார். மூன்று சொற்களும் குற்றியலுகரத்தில் முடிவதை நேயர்கள் கவனிக்கலாம். கதை நடந்ததோ, பின்னால் கட்டியதோ, தமிழ் வாத்தியார்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் பெருமிதம் மட்டும் மெய்.

திரு.வி. கலியாணசுந்தரனார் பரீட்சையே எழுதவில்லை. தம் ஆசிரியர் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளையின் வழக்குக்காகக் கோர்ட்டுக்குச் சென்றதில் பள்ளியிறுதித் தேர்வு போயிற்று. ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கு எழுதிய அவர் 1916-ல் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியரானார். மறு வருஷமே 'தேசபக்தன்' பத்திரிகைக்காக அந்த நாற்காலியைத் துறந்தார். பாரத நாட்டுக்கு அது லாபம். வெஸ்லி கல்லூரி மாணவர்களுக்கு?

இனி ராணிப்பேட்டைப் பக்கம் திரும்புவோம். 1876-ல் பிறந்த நமச்சிவாய முதலியார் திண்ணைப் பள்ளி நடத்தியவரின் மகன். மயிலை மகாவித்வான் சண்முகம் பிள்ளையிடம் பயின்றார். பெண்களுக்காகச் சென்னையில் 1914-ல் ராணி மேரி கல்லூரி ஏற்பட்டபோது அங்கே தமிழ் போதிக்க அமர்ந்தவர் இவர்தாம். பின்னர் மாநிலக் கல்லூரியிலும் பணி செய்தார். நம் பாட்டிமார் சிறு வயதில் வைத்துப் படித்த தமிழ் வாசகங்களின் அட்டையில் இவர் பெயரைப் பார்த்திருப்பார்கள்.

1912-ல் பிறந்த வரதராசனாரின் வழி இன்னும் விசித்திரமானது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா வேலை. உடல் நலம் கெட்டு அதை விட்டார். அந்த நோய் வராதிருந்தால் ஒருவேளை தாசில்தாராக ஓய்வு பெற்றிருப்பார்! திருப்பத்தூரில் முருகைய முதலியாரிடம் தமிழ் கற்று, தனியே படித்து, 1935-ல் வித்துவான் பரீட்சையில் முதல்வராகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசு கிடைத்தது. திருப்பத்தூர் நகராட்சிப் பள்ளியில் நான்கு வருஷம் தமிழாசிரியர். 1939-ல் பி.ஓ.எல். பட்டம், அவ்வாண்டே பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர். 1948-ல் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆராய்ச்சிக்குச் சென்னைச் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம். தமிழ்த் துறையில் அங்கே அப்பட்டம் பெற்றவர்களில் அவரே முதல்வர். 1971-ல் மதுரைச் சர்வகலாசாலையின் துணைவேந்தர்.

கேட்க இனிக்கும் சரித்திரம்தான். ஆயினும் கசப்பும் உண்டு. மடத்திலிருந்தும் திண்ணையிலிருந்தும் வந்த பண்டிதருக்குக் கல்லூரியில் மதிப்பு குறைவு. சம்பளமும் ஆங்கிலம் போதிப்பவரினும் குறைவு. அவர் ஆங்கிலம் அறியாதவர் என்பதே பின் வரிசைப் பிள்ளைகளுக்குக் குறும்பு செய்யப் போதிய காரணம். பாடத்திட்டத்தில் தமிழின் இடமே ஆட்டங்கண்ட காலமும் இருந்தது. தமிழ் கட்டாயமில்லை என்று ஆனதும் 1911-ல் மறைமலையடிகள் கல்லூரியை விட்டு வெளியேறினார். பதின்மூன்று வருஷ உழைப்பு ஒரு விதித் திருத்தத்தில் முடிந்தது.

வரதராசனாருடைய கெட்டிக்காரத்தனம் இங்கேதான் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். பழைய வழியில் கற்ற கல்வியைக் கைவிடாமலே புதிய பட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சம்பாதித்துக்கொண்டார். பண்டிதர் என்று ஒதுக்க இடமில்லாமற் போயிற்று. குமாஸ்தா வேலையும் சின்ன ஊர்ப் பள்ளி வேலையும் பார்த்தவருக்கு, கிராமத்திலிருந்து தகரப் பெட்டியுடன் வந்து இறங்கும் மாணவனின் மனம் தெரிந்திருந்தது. அவர் நாவல்களில் அந்த மாணவன் திரும்பத் திரும்ப வருகிறான். 1961-ல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற 'அகல் விளக்கு' வாலாஜாப் பக்கத்து வாழ்க்கையையே சொல்கிறது.

இன்று அதே வாசற்படி வகுப்பில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், அரசாங்கத் தமிழாசிரியராக வேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும், பி.எட். வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டிப் பரீட்சையில் தேற வேண்டும். சம்பளத்தில் தமிழுக்கென்று குறைவு வைப்பதில்லை. பழைய அநீதி அவ்வளவில் ஒழிந்தது. வேலத்துக் குமாஸ்தா தம் பட்டங்களுடன் இன்றும் உள்ளே நுழைந்துவிடுவார். சாமிநாதையரும் மறைமலையடிகளும் விண்ணப்பம் போட்டால் முதல் சல்லடையிலேயே தள்ளப்படுவார்கள்.