பள்ளி முடித்ததும் மருத்துவ இடம்: அமெரிக்காவின் ஒருங்கிணைந்த பட்டப்படிப்புகள்

12ஆம் வகுப்பில் உயிரியல் படித்து, நீட் தேர்வில் தகுதி பெற்று, எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்வது நம் நாட்டில் வழக்கமான பாதை. நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணி என ஐந்தரை ஆண்டுகளில் ஒருவர் மருத்துவர் ஆகிவிடலாம். அமெரிக்காவில் பெரும்பாலோருக்கு இந்த நேர்வழி இல்லை. பள்ளிக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற வேண்டும். அதன்பின் நான்கு ஆண்டுகள் மருத்துவக் கல்லூரி. அதற்கும் பிறகு, தேர்ந்தெடுக்கும் துறையைப் பொறுத்து, மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை மருத்துவமனையில் ரெசிடென்சி எனப்படும் பயிற்சி.

இந்த நீண்ட பாதையை ஒட்டி இன்னொரு வழியும் அங்கே இருக்கிறது. பள்ளி இறுதியாண்டிலேயே மாணவரைத் தேர்ந்தெடுத்து, இளநிலைப் பட்டத்துக்கும் மருத்துவப் பட்டத்துக்கும் சேர்த்து இடம் ஒதுக்கும் ஒருங்கிணைந்த திட்டங்கள்தாம் அவை. அங்கே மருத்துவத்தின் முதல் பட்டத்துக்கே எம்.டி. என்று பெயர். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ்.க்குப் பிறகு பெறும் எம்.டி.யோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதினேழு வயது மாணவரை, "இவர் நல்ல மருத்துவர் ஆவார்" என்று எப்படி நம்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஆசிரியர்களாகிய நமக்கு இந்தத் திட்டங்களில் ஆர்வமூட்டும் கேள்வி இதுதான்.

எட்டாண்டுப் படிப்பு வந்த கதை

நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் பள்ளிப்படிப்பைச் சரியாக முடிக்காதவர்கள்கூட மருத்துவக் கல்லூரியில் சேர முடிந்தது. பல கல்லூரிகள் கட்டணத்துக்காகவே நடத்தப்பட்டன. ஆய்வகமும் நோயாளிகளும் இல்லாமல் விரிவுரை மட்டும் கேட்டுப் பட்டம் பெற்றவர்கள் ஏராளம். 1893இல் தொடங்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, சேர்க்கைக்கு இளநிலைப் பட்டம் கட்டாயம் என்று விதித்துப் புதிய முன்மாதிரியை ஏற்படுத்தியது.

மாற்றத்தை விரைவுபடுத்தியவர் ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர். அவர் மருத்துவர் அல்லர். லூயிவில் நகரில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் சொந்தமாகப் பள்ளி நடத்தியவர். கார்னகி அறக்கட்டளையின் வேண்டுகோளை ஏற்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி அவர் 1910இல் அளித்த அறிக்கை மருத்துவக் கல்வியின் போக்கையே மாற்றியது. தரமற்ற பல கல்லூரிகள் மூடப்பட்டன. வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றைக் கல்லூரி அளவில் படித்த பிறகே மருத்துவம் என்பது நிலைபெற்றது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. கறுப்பின மாணவர்களுக்காக இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஐந்து மூடப்பட்டு, ஹோவர்ட், மெஹாரி ஆகிய இரண்டே எஞ்சின. படிப்புக்காலம் நீண்டதால் செலவும் கூடியது; ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவம் எட்டாத தொலைவுக்குப் போயிற்று. தரம் உயர்ந்தது, வாசல் குறுகியது. இந்த இரண்டையும் சமன்செய்யும் முயற்சிகளுள் ஒன்றாகவும் ஒருங்கிணைந்த திட்டங்களைப் பார்க்கலாம்.

மூன்று நோக்கங்கள்

எல்லாத் திட்டங்களும் ஒரே நோக்கத்துடன் தொடங்கப்பட்டவை அல்ல.

முதல் நோக்கம், காலத்தைக் குறைப்பது. 1961இல் பாஸ்டன், நார்த்வெஸ்டர்ன் ஆகிய பல்கலைக்கழகங்கள் இத்தகைய விரைவுத் திட்டங்களைத் தொடங்கின. 1971இல் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகம், பள்ளி முடித்தவர்களை நேரடியாகச் சேர்த்து ஆறே ஆண்டுகளில் இரு பட்டங்களையும் வழங்கத் தொடங்கியது. அங்கே முதலாண்டிலிருந்தே மாணவர்கள் நோயாளிகளைச் சந்திக்கிறார்கள். சிறு குழுவுக்கு ஒரு மூத்த மருத்துவர் வழிகாட்டியாக இருந்து, ஆண்டுக்கணக்கில் அதே மாணவர்களுடன் தொடர்கிறார். ஆனால் கோடை விடுமுறை பெரும்பாலும் படிப்பிலேயே கழிந்துவிடும்.

இரண்டாம் நோக்கம், படிக்கும் சுதந்திரம். பிரவுன் பல்கலைக்கழகத்தின் திட்டம் எட்டாண்டுகள்தாம். ஓர் ஆண்டுகூடக் குறையாது. மருத்துவ இடம் உறுதியாக இருப்பதால், முதல் நான்கு ஆண்டுகளில் மாணவர் அறிவியல் அடிப்படைப் பாடங்களுடன் வரலாறு, இசை, பொருளியல் என விரும்பியதையும் அச்சமின்றிப் படிக்கலாம். மருத்துவச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வையும் எழுத வேண்டியதில்லை.

மூன்றாம் நோக்கம், மருத்துவர் இல்லாத இடத்துக்கு மருத்துவரை உருவாக்குவது. நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் உள்ள சிட்டி கல்லூரியில் 1973இல் சோஃபி டேவிஸ் திட்டம் தொடங்கியது. மருத்துவத் துறையில் குறைவாகவே இடம்பெற்ற சமூகங்களிலிருந்து மாணவர்களைச் சேர்த்து, வசதி குறைந்த பகுதிகளில் முதல்நிலை மருத்துவம் செய்யத் தயார்செய்வது அதன் குறிக்கோள். தொடக்கத்தில் இதன் மாணவர்கள் கடைசி ஆண்டுகளுக்கு வேறு மருத்துவக் கல்லூரிகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2016இல் அது தானே எம்.டி. பட்டம் வழங்கும் கல்லூரியாக மாறி, ஏழாண்டுப் படிப்பை நடத்துகிறது. நியூ மெக்சிகோ மாநிலம் 2006இல் தொடங்கிய எட்டாண்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 28 பேர் சேர்க்கப்படுகிறார்கள். அம்மாநிலத்தின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் மருத்துவராகி அங்கேயே திரும்பிப் பணிசெய்வார்கள் என்ற எதிர்பார்ப்பே அதன் அடித்தளம்.

இடம் உறுதி, ஆனால் நிபந்தனையுடன்

ஒருமுறை தேர்வாகிவிட்டால் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இளநிலைப் படிப்பில் குறிப்பிட்ட சராசரிக்குக் குறையாமல் தரப்புள்ளி எடுக்க வேண்டும். சில திட்டங்களில் எம்கேட் விலக்கு உண்டு. சிலவற்றில் குறைந்தபட்ச மதிப்பெண் கேட்கிறார்கள். எம்கேட்டின் மதிப்பெண் அளவு 472 முதல் 528 வரை. வழக்கமான வழியில் அந்தத் தேர்வை எழுதி விண்ணப்பிப்பவர்களில் பாதிப் பேருக்கும்கூட எந்த மருத்துவக் கல்லூரியிலும் இடம் கிடைப்பதில்லை. எனவேதான் பள்ளியிலேயே உறுதியாகும் இடத்துக்கு அங்கே அவ்வளவு போட்டி.

இந்த ஏற்பாட்டை விமர்சிப்பவர்களும் உண்டு. பதினேழு வயதில் எடுத்த முடிவு தன்னுடையதா, பெற்றோருடையதா என்று மாணவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஓராண்டு, ஈராண்டு குறைவதால் முதிர்ச்சிக்கான காலமும் குறையலாம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் பின்னாளில் தன் திட்டத்துக்கான சேர்க்கையை நிறுத்திக்கொண்டது. இருப்பினும் இந்தத் திட்டங்களில் ஒரு நல்ல கூறு உண்டு. மருத்துவம் தனக்கு ஒத்துவராது என்று இடையில் உணரும் மாணவர், இளநிலைப் பட்டத்துடன் வேறு துறைக்குப் போகலாம். கதவு உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, வெளியே போவதற்கும் திறந்திருக்கிறது.

ஆசிரியர் கடிதத்தின் எடை

தேர்வு முறைக்கு வருவோம். பள்ளி மதிப்பெண் மிக உயர்ந்ததாக இருக்க வேண்டும். அது முதல் படி மட்டுமே. விண்ணப்பிக்கும் எல்லோருமே உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களாக இருப்பதால், அதை வைத்து மட்டும் பிரித்தறிய முடியாது. "ஏன் மருத்துவம்? அதுவும் ஏன் இப்போதே?" என்று மாணவர் எழுதும் கட்டுரை, மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ செய்த தொண்டு, நேர்காணல் ஆகியவை சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. இவற்றோடு பள்ளி ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் கேட்கப்படுகின்றன.

"கடின உழைப்பாளி, வகுப்பில் முதலிடம், ஒழுக்கமானவர்" என்று எழுதினால் அந்தக் கடிதத்தால் பயனில்லை. எல்லாக் கடிதங்களிலும் அதுவே இருக்கும். "தரம்பார்த்தலில் முடிவுநிலை சரியாக வராதபோது, பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதாமல் மறுபடியும் செய்து பார்த்தார், தவறு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே குறிப்பேட்டை மூடினார்" என்று எழுதும் கடிதம் பேசும். நேர்மை, பொறுமை, பிறர் துன்பத்தைக் கவனிக்கும் இயல்பு ஆகியவற்றை மூன்று மணி நேரத் தேர்வு காட்டாது. ஆண்டு முழுவதும் மாணவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கே அவை தெரியும்.

நம் மாணவர்களும் நாமும்

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தத் திட்டங்களில் பல, அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு மட்டுமே. அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில மாணவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன. செலவும் மிக அதிகம். கரீபியன் தீவுகளில் உள்ள சில கல்லூரிகளும் முன்மருத்துவப் படிப்பையும் எம்.டி.யையும் சேர்த்து வழங்குகின்றன; அவை வேறு, இங்கே விளக்கிய திட்டங்கள் வேறு. விளம்பரத்தைக் காட்டி ஒரு பெற்றோர் யோசனை கேட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே பணிபுரிய விரும்புபவர் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

நம் மாநிலத்தில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைக்கு வழிகாட்ட, வீட்டில் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. அந்த இடத்தில் இருப்பவர் ஆசிரியர். நம் சேர்க்கை முறை பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. என்றாலும் அந்தக் கடிதத்துக்குப் பின்னால் இருக்கும் கவனிப்பை நாம் பழகிக்கொள்ளலாம்.

• தொடக்க வகுப்புகளில்: விழுந்த நண்பனைத் தூக்கிவிடுபவர், காயத்தைக் கண்டு அஞ்சாமல் அருகில் போய்ப் பார்ப்பவர் யார் என்று கவனித்து, அதைப் பெயர் சொல்லிப் பாராட்டலாம்.

• நடுநிலை வகுப்புகளில்: ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் ஆகியோரின் பணிகளை நேரில் காட்டலாம். மருத்துவத் துறை என்பது மருத்துவர் மட்டுமல்ல என்பது அங்கேயே புரிந்துவிடும்.

• 10ஆம் வகுப்பு முடிவில்: பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன், "ஏன் மருத்துவம்?" என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். விடை பெற்றோரின் குரலில் இருக்கிறதா, மாணவரின் குரலில் இருக்கிறதா என்பது அதில் தெரியும்.

• 12ஆம் வகுப்பில்: மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் செல்லக்கூடிய இரண்டு வழிகளையாவது தேர்வுக்கு முன்பே பேசி வைக்கலாம். செவிலியம், மருந்தியல், இயன்முறை மருத்துவம், உயிரி தொழில்நுட்பம் என்று பல உண்டு. முடிவு வந்த அன்று மாணவர் திகைத்து நிற்காமல் இருக்க இது உதவும்.

அமெரிக்கத் திட்டங்களை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கொண்டுவர வேண்டியதும் இல்லை. ஆனால் மருத்துவர் ஆவாரா என்று ஒரு மாணவரைப் பற்றி முடிவுசெய்யும்போது, அவரை நன்கு அறிந்த ஆசிரியரிடம் அவர்கள் கேட்கிறார்கள். நம்மிடம் அந்தக் கேள்வி வேறு வடிவில் வருகிறது. வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து, "நான் டாக்டருக்குப் படிக்கலாமா சார்?", "என்னால முடியுமா டீச்சர்?" என்று மாணவர்களே கேட்கிறார்கள். மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து மட்டும் அதற்குப் பதில் சொல்லாமல், அவரைப் பற்றி நாம் கண்டு அறிந்ததைக் கொண்டு பதில் சொல்வோம்.