‘அடுத்த வாரம் தர்றேன்’ என இழுத்தடிக்கிறார்களா? வக்கீல் நோட்டீஸ் விடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கைமாத்தாகக் கொடுத்த 80,000 ரூபாய் திரும்பி வரவில்லை. புது ஃபிரிட்ஜ் மூன்றே மாதத்தில் மக்கர் செய்கிறது. கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுகிறார், கம்பெனி கடையைக் கை காட்டுகிறது. வாங்கிய செக் ‘கணக்கில் பணம் இல்லை’ என்று திரும்பிவிட்டது. இந்த நேரத்தில் நண்பர்கள் சொல்லும் யோசனை ஒன்றுதான்: “பேசாம ஒரு வக்கீல் நோட்டீஸ் விடுப்பா!”

நல்ல யோசனைதான். ஆனால், சில விவகாரங்களில் நோட்டீஸ் கட்டாயம். சிலவற்றில் கட்டாயமே இல்லை. நாள் கணக்கைத் தவறவிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நோட்டீஸ் என்றால் என்ன?

அது நீதிமன்ற உத்தரவு அல்ல. ‘இதுதான் என் குறை, இத்தனை நாளுக்குள் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் வழக்குத் தொடுப்பேன்’ என்று எழுத்தில் தரும் எச்சரிக்கை. வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்றும் இல்லை, நீங்களே எழுதலாம். ஆனால் செக் விவகாரம், பெரிய தொகை என்றால் வக்கீல் மூலம் போவதே பாதுகாப்பு.

செக் பவுன்ஸ்: நாள் கணக்கு முக்கியம்

மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் வழக்குப் போட, நோட்டீஸ் கட்டாயம். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும். நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து பணம் தர அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார்.

உதாரணமாக, வங்கித் தகவல் ஜூன் 3-ல் வந்தால் ஜூலை 3-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். அவர் ஜூலை 7-ல் வாங்கினால், ஜூலை 22 வரை அவகாசம். ஆகஸ்ட் 22-க்குள் புகார் தாக்கல் செய்துவிடுங்கள்.

குற்றம் நிரூபணமானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒரு எச்சரிக்கை: வட்டி, வக்கீல் செலவு எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். செக் தொகை தனியாகத் தெளிவாக இருக்க வேண்டும்.

கைமாத்து: 3 ஆண்டு கெடு

கடனைத் திரும்பக் கேட்டு சிவில் வழக்குப் போட பொதுவாக 3 ஆண்டுகள்தான் அவகாசம். ‘நோட்டீஸ் விட்டாச்சு, இனி கெடு புதுசா ஆரம்பிக்கும்’ என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நோட்டீஸ் கெடுவை நீட்டிக்காது. 3 ஆண்டு முடிவதற்குள், கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து புதிய கெடு தொடங்கும். வங்கிப் பரிமாற்ற விவரம், புரோ நோட்டு, ‘தர்றேன்’ என்ற வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பொருளில், சேவையில் குறையா?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் புகார் தர, முன்கூட்டியே நோட்டீஸ் அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் அனுப்புவது நல்லது: பல பிரச்னைகள் அதிலேயே முடியும், முடியாவிட்டால் அதுவே ஆதாரம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைத்துப் பாருங்கள்.

குறை ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே தரலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும்?

* இரு தரப்பின் பெயர், முழு முகவரி
* தேதி வாரியாக நடந்தது என்ன
* பில், செக், பரிமாற்ற எண்
* நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளுக்குள்

‘போட்டோவை ஃபேஸ்புக்கில் போட்டு மானத்தை வாங்குவேன்’ போன்ற மிரட்டல் ஒரு வரிகூட வேண்டாம். அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது. எனவே ஸ்பீடு போஸ்ட்டில் ‘பதிவு’ வசதியையும், டெலிவரி ஒப்புகையையும் கேட்டு அனுப்புங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று கவர் திரும்பினால் பதற வேண்டாம். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பியிருந்தால், நோட்டீஸ் சேர்ந்ததாகவே சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

உங்களுக்கே நோட்டீஸ் வந்தால்?

பயந்து ஒதுக்கி வைப்பதுதான் பெரிய தவறு. தேதியைக் குறித்து, கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். தொகை தவறு என்றால் கணக்குடன் சொல்லுங்கள். உண்மையாகவே பாக்கி இருந்தால் தவணை கேளுங்கள்.

‘இன்று மாலைக்குள் கட்டாவிட்டால் கைது’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ‘நோட்டீஸ்’களை நம்பாதீர்கள். இஎம்ஐ கட்ட முடியாமல் போவது மட்டுமே ஒருவரைக் கைது செய்யும் குற்றம் அல்ல. வங்கியின் வசூல் ஏஜென்ட்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

சமாதானமாகப் பேசிக்கொண்டிருப்பது தப்பில்லை. ஆனால் எதிர் தரப்பு ‘அடுத்த வாரம்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் உங்கள் கெடுவில் ஒரு வாரம் குறைகிறது. செக் திரும்பிய தேதி, கடன் கொடுத்த தேதி, குறை தெரியவந்த தேதி ஆகியவற்றை இன்றே மொபைல் காலண்டரில் குறித்து, ரிமைண்டர் வைத்துவிடுங்கள்.