புற்றுநோய் மருந்தும் தோலும் கண்ணும்

மரக்காணம் வட்டாரத்தில் உப்பள வேலை பலருக்கு வாழ்வாதாரமாகும். உப்புநீரில் நின்று உழைப்போரின் பாதம் வெடிப்பதும், வெண்பாத்திகளில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண்ணில் நீர் வடிவதும் இங்குப் புதியனவல்ல. ஆதலின், புற்றுநோய்க்கு மருந்துண்ணும் ஒருவருக்கு இதே குறிகள் தோன்றும்போது, தொழிலால் வந்தவை எனக் கருதி அவற்றைப் புறக்கணிக்க இடமுண்டு. உண்மைக் காரணத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

கீமோதெரபி மருந்துகளுள் பெரும்பாலானவை, விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குபவை. தோல், மயிர்க்கால், நகவேர், கண்ணின் மேற்பரப்பு ஆகியவற்றின் அணுக்களும் விரைந்து பெருகுபவையே. எனவே நோயணுக்களுடன் அவையும் அடிபடுகின்றன.

குடல், மார்பகப் புற்றுநோய்களுக்கு வழங்கப்படும் கேப்சிடபின் மாத்திரை உடலினுள் ஃபுளூரோயுராசிலாக மாறுகிறது. அதனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் முதலில் மதமதத்து எரியும். பின்னர்ச் சிவந்து, வீங்கி, தோல் உரியும். துன்பம் மிகுந்தால் மருத்துவர் மருந்தைச் சில நாள் நிறுத்தி, தேவைப்படின் அளவைக் குறைத்து மீண்டும் தொடங்குவார். நோயாளி தாமே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 264 நோயாளிகளிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 1 விழுக்காடு டைக்ளோஃபினாக் ஜெல் பூசியோருள் 3.8 விழுக்காட்டினருக்கே இத்துன்பம் நடுத்தர அல்லது கடும் நிலையை எட்டியது; மருந்தில்லா ஜெல் பூசியோருள் அது 15 விழுக்காடு. ஆயினும் மருத்துவரைக் கேட்டே பூசுதல் வேண்டும்.

டோசிடாக்செல் ஊசியோ, கண்ணீரை மூக்கினுள் வடிக்கும் நுண்குழாயைச் சுருக்கவல்லது. அப்போது கண்ணீர் ஓயாமல் வழியும். தொடக்கத்திலேயே கண்டால், மென்குழாய் செருகி வழியைக் காக்கலாம். முற்றிலும் அடைபட்டபின் பெரிய அறுவை தேவைப்படலாம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் இக்காலத்தில் சுருமா இடுவதையும் தவிர்ப்பது நலம். புதுச்சேரி ஜிப்மரிலோ அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ மருத்துவம் பெறுவோர், அடுத்த தவணை வரை காத்திராது இக்குறிகளைத் தெரிவிப்பாராக.

வெடித்த கையோடு ஐவேளையும் உளூச் செய்வோர் வெந்நீரைத் தவிர்த்து, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, உடன் களிம்பிடலாம். தண்ணீரே தீங்கு செய்யுமென நம்பத்தகுந்த மருத்துவர் கூறின், நோயாளிக்குத் தயம்மும் செய்யும் சலுகை உண்டு; அல்மாயிதா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அதற்கு ஆதாரமாகும். சலுகையை ஏற்பது இறையச்சக் குறைவன்று; மருத்துவம் தடையின்றி நிறைவேற அது துணையாகும்.