காதுக்குள் ஒரு மொறமொற

எச்சில் விழுங்கினால் ‘பட்’. வாயைத் திறந்தால் ‘நொறுக்’. தலையணையில் சாய்ந்தால் யாரோ ஜிகினாத் தாளைக் கசக்குவது போல மொறமொறவென்று ஒரு சத்தம். வலி இல்லை, சீழ் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்பதும் இல்லை. இதற்கெல்லாமா டாக்டர் என்று பஞ்சுக் குச்சியை எடுத்துக் குடைபவர்கள் உண்டு. பழைய தில்லியில், சிவப்புத் தலைப்பாகையில் கம்பியைச் செருகிக்கொண்டு வரும் காது சுத்தக்காரரிடம் தலையைக் கொடுப்பவர்களும் உண்டு.

காரணம் பெரும்பாலும் அற்பமானதுதான். சில சமயம் அப்படியல்ல. இரண்டையும் பிரித்தறிய டாக்டருக்கு முதலில் உதவுவது ஸ்கேன் அல்ல, நோயாளி சொல்லும் விவரம். இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி. ஆங்கிலத்தில் பேசப் போனால் எல்லாமே ‘ரிங்கிங்’, இந்தியில் ‘சாய் சாய்’. தொல்காப்பியர் இரட்டைக்கிளவிக்கு இலக்கணமே எழுதிவைத்த மொழியில் ‘கொய்ங்’ வேறு, ‘மொறமொற’ வேறு. விடாமல் கேட்கும் ‘கொய்ங்’ பெரும்பாலும் உட்செவி, நரம்பு சம்பந்தப்பட்டது. நாடியோடு சேர்ந்து துடித்தால் ரத்தக் குழாய்களைப் பார்க்க வேண்டும். தட்டச்சு அடிப்பது போன்ற ‘டக்டக்’ நடுச்செவியிலோ அண்ணத்திலோ உள்ள சிறு தசைகளின் துடிப்பாக இருக்கலாம். மொறமொறப்பு வெளிக்காதிலிருந்தோ நடுச்செவியிலிருந்தோ வருவதற்கே வாய்ப்பு அதிகம். புனேயிலோ கொல்கத்தாவிலோ டாக்டர் முன் உட்கார்ந்தால் சத்தத்தை மொழிபெயர்க்காதீர்கள். வாயால் செய்தே காட்டிவிடுங்கள்.

அடுத்த கேள்வி, எப்போது கேட்கிறது? மெல்லும்போது மட்டும் என்றால் சந்தேகம் தாடை மூட்டின் மேல். காதுக்கு முன்னால் விரல் வைத்து வாயைத் திறந்து மூடினால் மூட்டு நறுக்கென்று இடறுவது விரலுக்கே தெரியும். முடி வெட்டிய மறுநாள் ஆரம்பித்ததா? ஒரு துண்டு முடி செவிப்பறையைத் தொட்டாலே போதும், இடி முழக்கம்தான். காய்ந்த குறும்பியும் இதே வேலையைச் செய்யும். பஞ்சுக் குச்சி அதை வெளியே எடுக்காது, உள்ளே தள்ளி இறுக்கும். மழைக்காலத்தில் மும்பை, கொச்சி போன்ற ஊர்களில் அரிப்போடு காது அடைத்துக்கொண்டால் பூஞ்சையாக இருக்கலாம். அப்போது பாட்டி வைத்தியமாகப் பூண்டு தட்டிப் போட்ட எண்ணெயை விடுவது ஈரத்தைத் தேக்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுச்செவிக்கே போய்விடும். எண்ணெய்க்குப் பொருத்தமான சந்தர்ப்பம் ஒன்று உண்டு. உயிருள்ள பூச்சி புகுந்து படபடக்கும்போது, செவிப்பறை நன்றாக இருக்கும் பட்சத்தில், சூடில்லாத எண்ணெய் சில துளி விட்டால் அது அடங்கும். எடுப்பது டாக்டர் வேலை.

விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கேட்டால் கதை வேறு. நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் குழாய் ஒன்று இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமாக மூடியிருக்கும், விழுங்கும்போது ஒரு கணம் திறந்து, செவிப்பறைக்கு இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும். ஜலதோஷமோ அலர்ஜியோ வந்து அதன் உட்சவ்வு வீங்கினால் காற்று புகாது. செவிப்பறை உள்ளிழுக்கப்படும், பின்னால் நீர் கோக்கும். குழாய் ஒட்டித் திறப்பதும் நீரில் குமிழி உடைவதும்தான் நமக்கு மொறமொறப்பாகக் கேட்கின்றன. அழுத்தம் திடீரென மாறினால் என்ன ஆகும் என்பதை 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானம் காட்டியது. கேபின் அழுத்தத்துக்கான சுவிட்சைப் போட மறந்ததில் சுமார் 30 பயணிகள் காது வலி, மூக்கில் ரத்தம் என்று அவதிப்பட்டார்கள்.

குழாயைத் திறக்க மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மெதுவாக ஊதுவது வால்சால்வா முறை. சளி ஒழுகும்போது இது கூடாது, கிருமியும் சேர்ந்து உள்ளே போகும். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவது டாயின்பி முறை, இன்னும் மென்மையானது. அந்த ஜோசப் டாயின்பி, லண்டன் காது மருத்துவர், காதிரைச்சலுக்கு மருந்து தேடித் தன் மேலேயே குளோரோஃபாரத்தைச் சோதித்தபோது 1866இல் இறந்துபோனார். காதுச் சத்தம் அவ்வளவு அற்பமான விஷயமாக யாருக்கும் இருந்ததில்லை.

ஜலதோஷத்தோடு வந்த சத்தம் சில வாரங்களில் தானே போய்விடும். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் கோத்து, அடைப்பு மாதக்கணக்கில் விடவில்லை என்றால், குழாயின் மறுமுனையான மூக்கின் பின்புறத்தைக் கருவி விட்டுப் பார்த்தே ஆகவேண்டும். அங்கே வளரும் புற்றுநோய் குழாயின் வாயை அடைத்து, முதல் அறிகுறியாகக் காதில்தான் தெரியக்கூடும். இந்தியாவின் பெரும் பகுதியில் இது அபூர்வம். ஆனால் நாகாலாந்திலும் மணிப்பூரிலும் அப்படியல்ல. கழுத்தில் கட்டி, மூக்கில் ரத்தம் கலந்த சளி என்றால் மாதக்கணக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது.

அவசரமான இன்னொன்று, காது ‘அடைத்துக்கொண்டது’ என்று நினைக்கவைத்து ஏமாற்றும் திடீர்ச் செவிட்டுத்தன்மை. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. டாக்டர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதன் ஏழை வடிவம் இது. வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் பலமாகக் கேட்டால் குறும்பி, நீர் போன்ற தடையாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் பழுது நரம்புப் பக்கம். சோதனை முடிவானதல்ல, கேட்புத் திறனை ஆடியோகிராம் எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். ஆனால் ஸ்டீராய்டு சிகிச்சை பலன் தருவது முதல் இரண்டு வாரங்களில், அதிலும் முதல் சில நாட்களில். சனிக்கிழமை இரவு ஒரு காது மந்தமானால் திங்கட்கிழமை கிளினிக்குக்காகக் காத்திருக்காமல், ஞாயிறன்றே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுவது நல்லது.