எப்போது புறப்படுவது?

தாம்பரத்திலிருந்து சென்ட்ரலுக்குப் போய் இரவு மெயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர், ஜி.எஸ்.டி. சாலை வழியே காரில் போவதா, மின்சார ரயிலேறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கி மூட்டையோடு சுரங்கப்பாதையைக் கடப்பதா என்று யோசிக்கையில், எது விரைவில் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதைக் காட்டிலும், எது நம்பின நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதையே பிரதானமாகக் கருதுகிறார். கார் ஒரு நாள் ஒரு மணியில் போகும்; மறுநாள் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு மணியானாலும் கிண்டியைத் தாண்டாது. ரயில் சராசரியில் பத்து நிமிஷம் பிந்தியதென்றே வைத்துக்கொண்டாலும், சராசரியை நம்பி மெயிலைத் தவறவிட யாருக்கும் மனம் வராது.

முந்துவதும் பிந்துவதும் சமமான நஷ்டங்கள் அல்ல என்பதே இதற்குக் காரணம். அரை மணி முந்திப் போனவர் பிளாட்பாரத்தில் பெட்டியின்மேல் உட்கார்ந்து காபி குடிக்கலாம். ஐந்து நிமிஷம் பிந்தினவருக்கோ டிக்கெட்டும் போயிற்று, பயணமும் போயிற்று. ஸான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் காரில் வேலைக்குச் செல்வோரை ஆராய்ந்த கென்னத் ஸ்மால் என்ற பொருளாதார நிபுணர், பிந்திச் சேரும் ஒரு நிமிஷம் வழியில் கழியும் இரண்டு நிமிஷங்களுக்கும் அதிகமாக உறுத்துகிறது என்றும், முந்திச் சேரும் நிமிஷம் ஒன்றுக்கும் குறைவாகவே உறுத்துகிறது என்றும் 1982-இல் கணக்கிட்டார். மெயிலுக்கு ரயிலைத் தேர்ந்த அதே மனிதர் கல்யாண வரவேற்புக்குக் காரிலேயே சாவகாசமாகப் புறப்படுவதில் முரண்பாடு ஏதுமில்லை. மாப்பிள்ளை மேடைக்கு வரவே எட்டு மணியாகும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அநிச்சயத்துக்கு அஞ்சுகிறவர்கள் அறியாத வழிக்கும் அஞ்சி, பழகின வழியிலேயே ஆயுளைக் கழித்துவிடுவதும் உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் பாதாள ரயில் ஊழியர்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, நிலையங்கள் பல மூடிக்கிடக்க, ஜனங்கள் வேறு வழி தேட நேர்ந்தது. பிரயாண அட்டைகளின் பதிவுகளைப் பரிசீலித்த பொருளாதார அறிஞர்கள், ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பின்னும் நூற்றுக்கு 5 பேர் அளவில் பழைய வழிக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். அவ்வூரின் புகழ்பெற்ற ரயில் படம் தூரங்களை உள்ளபடி காட்டாததும், அதை நம்பினவர்கள் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்ததற்கு ஒரு காரணமாம். அந்தச் சிலர் தினந்தோறும் மிச்சம் பிடிக்கும் நிமிஷங்கள், அவ்விரண்டு நாளில் ஊரார் இழந்த நேரத்தை நாளடைவில் மிஞ்சிவிடும் என்றும் கணக்குச் சொன்னார்கள். குளிரில் நடந்தே ஆபீஸ் போனவர்களிடம் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்குமோ!